குடல்வாயோடு வேலைக்குத் திரும்புதல்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து

குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவர் மனத்தளவிலும் சமூக அளவிலும் மீண்டும் நிலைகொள்வதைப் பற்றிப் பேசும் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் நோயாளியின் மனவுறுதி, குடும்பத்தின் அரவணைப்பு, மருத்துவமனை தரும் ஆலோசனை ஆகியவற்றைச் சுற்றியே நிற்கின்றன. இவற்றின் முக்கியத்துவத்தில் ஐயமில்லை. எனினும், இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கிச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே வல்லம், ஒரகடம் வரையிலும் பரந்து கிடக்கும் தொழிற்பகுதியில் வேலை செய்யும் ஒருவர் வயிற்றில் பையோடு வீடு திரும்பும்போது, கழிப்பறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, உற்பத்தி லைனை விட்டு எத்தனை நிமிடம் நகரலாம், தங்கும் அறையில் எத்தனை பேர், அடுத்த மாதச் சம்பளம் வருமா என்பவையே அவர் மனம் தேறுவதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இச்சொற்பொழிவு அந்தப் புறக்காரணங்களை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

பெருங்குடலிலோ சிறுகுடலிலோ ஒரு பகுதியை அகற்ற நேரும்போதும், அடைப்பாலோ துளையாலோ பழுதுபட்ட குடலுக்குச் சிறிது காலம் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்போதும், அறுவை மருத்துவர் குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொணர்ந்து தோலோடு சேர்த்துத் தைக்கிறார். அந்தத் திறப்பே குடல்வாய். மருத்துவமனைகளில் அதை ஸ்டோமா என்பார்கள். பெருங்குடலில் வைப்பது கொலாஸ்டமி, சிறுகுடலின் கடைப்பகுதியில் வைப்பது இலியாஸ்டமி. குடல்வாய் சிவந்து ஈரமாக இருக்கும். வலியுணரும் நரம்பு முனைகள் அதில் இல்லாததால் தொட்டால் வலிப்பதில்லை. சுருங்கி விரிந்து அடக்கும் தசையும் இல்லாததால் மலமும் காற்றும் எப்போது வெளிவரும் என்பது நோயாளியின் விருப்பத்தில் இல்லை. ஆகவே, தோலில் ஒட்டும் தகடும் அதனோடு இணைந்த பையும் இரவும் பகலும் உடலோடு இருக்கின்றன. குடல்வாய் என்றதும் முதியோருக்கு வரும் பெருங்குடல் புற்றுநோயே பலருக்கும் நினைவுக்கு வரும். நம் நாட்டிலோ அதனோடு குடல் காசநோய், டைபாய்டு காய்ச்சலில் குடல் துளைபடுதல், குடல் முறுக்கு, சாலை விபத்தில் வயிற்றில் படும் அடி ஆகியனவும் காரணங்களாகின்றன என்பதால், உழைக்கும் வயதில் இருப்பவர்களே இந்நிலைக்கு ஆளாவது அரிதன்று. அவர்களில் பலருக்குக் குடல்வாய் தற்காலிகமானது. சில மாதங்களில் மூடப்பட வேண்டியது. மலக்குடலின் கீழ்முனையும் ஆசனவாயும் அகற்றப்பட்டவர்களுக்கு அது ஆயுள் முழுவதற்குமானது.

மலக்குடல் புற்றுக்கான விரிவான அறுவை முறையை எர்னஸ்ட் மைல்ஸ் 1908-இல் லண்டனில் வெளியிட்டார்; உயிர் பிழைத்தவர்கள் பெருகினார்கள், ஆனால் அவர்கள் பிழைத்த பின் எப்படி வாழ்ந்தார்கள் என்பது நெடுங்காலம் கேட்கப்படாத கேள்வியாக இருந்தது. நியூயார்க்கில் சதர்லேண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் குடல்வாய் பெற்றவர்களின் மனநிலையை ஆராய்ந்து 1952-இல் கட்டுரை வெளியிட்டபோதுதான் மருத்துவ உலகம் இதை ஓர் ஆய்வுப் பொருளாகக் கண்டது. அதே ஆண்டில் பிரயன் புரூக், சிறுகுடல் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை அறிவித்து, கசிவால் தோல் வெந்து புண்ணாவதைப் பெருமளவு தடுத்தார். இரு ஆண்டுகள் கழித்து டென்மார்க்கில், வெளியே தலைகாட்ட அஞ்சி வீட்டுக்குள் முடங்கிய தன் சகோதரி தோராவுக்காக, எலிஸ் சோரன்சன் என்ற செவிலியர் தோலில் ஒட்டக்கூடிய, பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பையை உருவாக்கினார். அமெரிக்காவின் ஓஹியோவில், தானே குடல்வாய் பெற்றிருந்த நார்மா கில் என்ற பெண்மணியை அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் 1958-இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் பணியமர்த்தினார். இன்று உலகெங்கும் ஸ்டோமா நர்ஸ் என அழைக்கப்படும் பணி அங்கிருந்தே பிறந்தது. இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு: தோரா வெளியே வரத் துணிந்தது யாரோ தைரியம் சொன்னதால் நிகழ்ந்ததன்று, கசியாத ஒரு பை கிடைத்ததால் நிகழ்ந்தது. மனத்தின் அச்சத்துக்கு ஒரு பொருள் விடையாக இருந்தது.

ஹூண்டாயின் கார்கள் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும், ரெனோ – நிசான் கூட்டு ஆலையின் கார்கள் 2010-இல் ஒரகடத்திலிருந்தும் வெளிவரத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் மின்னணு ஆலைகளும் பெருகின. இவ்வாலைகளுக்கு வேலைக்கு வருவோர் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, டிரெய்னி, அப்ரண்டிஸ் எனப் பலர் அடுத்தடுத்து நிற்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரே வேலை, ஆனால் நோய் வந்தால் ஒவ்வொருவர் கதையும் வேறு. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதைக் கண்ட பகுதி இது என்பதால், வேலை நிலையற்றது என்ற உணர்வு இங்கே பரவலாக உண்டு. நோயை மறைக்கும் பழக்கம் அந்த உணர்விலிருந்தே வளர்கிறது.

இலியாஸ்டமி உள்ளவரின் பையில் ஒரு நாளில் ஏறத்தாழ 500 முதல் 800 மில்லி வரை நீர்த்த மலம் சேரும்; பை மூன்றில் ஒரு பங்கு நிறையும்போதே காலிசெய்ய வேண்டும், இல்லையேல் கனம் தாங்காமல் தகடு தோலிலிருந்து பெயர்ந்துவிடும். அதாவது, ஒரு நாளில் ஐந்து முதல் எட்டு முறை. எட்டு மணி நேர ஷிப்டில் அவற்றுள் இரண்டு மூன்று முறையாவது வரும். அசெம்பிளி லைனில் ஒவ்வொரு நிலைக்கும் நொடிக்கணக்கில் நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் நகர வேண்டுமானால் அவரிடத்தில் ரிலீவர் வந்து நிற்க வேண்டும். மின்னணு ஆலைகளின் தூசில்லா அறைகளிலோ, வெளியேறும்போது மேலங்கி, தொப்பி, காலணி ஆகியவற்றைக் கழற்றிவைத்து, திரும்பும்போது எல்லாவற்றையும் மறுபடி அணிந்து ஏர் ஷவரைக் கடந்து வர வேண்டும். கழிப்பறைக்குள் சென்ற பின்னரும் வேலை எளிதன்று. சட்டையின் கீழ்ப்பகுதியை மேலே சுருட்டி மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பையின் அடிவாயைப் பிடித்து, மறுகையால் கிளிப்பை எடுத்து, பையைக் காலிசெய்து, அதன் வாயைத் துடைத்து, மீண்டும் மடித்துக் கிளிப்பை மாட்ட வேண்டும். இடையில் கிளிப் நழுவிக் குழிக்குள் விழுந்துவிட்டால் அந்த ஷிப்டே போயிற்று. கொக்கி ஒன்றும், கைக்கெட்டும் உயரத்தில் சிறு தட்டு ஒன்றும், தண்ணீர்க் குழாய் ஒன்றும், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்றும் அந்தச் சிற்றறையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் காரியம், அவை இல்லாவிட்டால் கால் மணி நேரமாகிறது. கால் மணி நேரமானால் சூப்பர்வைசர் கேள்வி கேட்கிறார். கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லத் தொழிலாளியால் முடிவதில்லை.

இந்நிலையில் தொழிலாளி கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: ஷிப்டுக்கு முன் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் வருவது. குடல்வாயோடு ஒருவர் செய்துகொள்ளும் சமரசங்களில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. பெருங்குடலின் முதன்மையான பணியே நீரையும் உப்பையும் உறிஞ்சுவது. இலியாஸ்டமியில் அப்பணி நின்றுவிடுவதால், பையின் வழியாக நீரும் சோடியமும் ஓயாமல் இழக்கப்படுகின்றன. பெயிண்ட் ஷாப், பிரஸ் ஷாப், வெல்டிங் ஆகிய இடங்களின் வெப்பமும் கத்திரி வெயிலும் சேர்ந்து வியர்வையாக மேலும் கொண்டுபோகும்போது, தலைசுற்றல், கால் சுருட்டிப்பிடித்தல், சிறுநீர் குறைதல் எனத் தொடங்கிச் சிறுநீரகம் பழுதாகும் வரை போகலாம். வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பதும் இதற்கு முழுத் தீர்வாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலோ உப்பிட்ட அரிசிக் கஞ்சியோதான் உதவும். சாப்பிடாமல் இருந்தாலும் குடலில் காற்று சேர்வது நிற்காது. வெற்றுக் குடல் இன்னும் அதிகமாகச் சத்தமிடும். ஆக, மானத்தைக் காக்கச் செய்த காரியம் மானத்தையும் காப்பதில்லை, உடலையும் காப்பதில்லை. இத்தொழிலாளி சோர்ந்திருக்கிறார், எரிந்து விழுகிறார், யாரோடும் ஒட்டுவதில்லை என்று கூறப்படும்போது, அதில் எவ்வளவு மனச்சோர்வு, எவ்வளவு உப்பிழப்பு என்று பிரித்தறியாமல் மனநல ஆலோசனைக்கு அனுப்புவது முறையாகாது.

கொலாஸ்டமி உள்ளவர்களில் சிலருக்கு வேறொரு வழி உண்டு. நாள்தோறும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், குறித்த நேரத்தில், அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வெதுவெதுப்பான நீரைக் குடல்வாய் வழியாகச் செலுத்திக் குடலைக் கழுவிவிட்டால், அடுத்த கழுவல் வரை பெரும்பாலும் மலம் வராது. சிறு மூடி ஒன்றே போதும், பைச் செலவும் குறையும். ஒரு பை சில நூறு ரூபாய் விலைபோகும் நாட்டில் இது பெரும் வரம். ஆனால் இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிப்பறை தனியே வேண்டும். குடல் ஒரு பழக்கத்துக்கு வர நாள்தோறும் அதே நேரம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எட்டுப் பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில், கம்பெனி பஸ் வருவதற்கு முன் வாளியோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, ஒருவர் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. முடிந்தாலும், இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என மாறும்போது குடலின் நேரமும் குலைகிறது. ஷிப்ட் மாறாத வேலை ஒன்றை ஒதுக்கினாலே பாதி மருத்துவம் முடிந்துவிடக்கூடிய தொழிலாளிகள் உண்டு. தங்குமிடத்துக்கும் வழி உண்டு. வல்லம் வடகாலில், தமிழ்நாடு அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டின் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தனை பேருக்கு ஒரே இடத்தில் கட்டும் வல்லமை உள்ள ஓர் அரசுக்கு, தளத்துக்கு ஒரு கழிப்பறையைச் சற்று அகலமாக, தட்டும் குழாயும் மூடிய தொட்டியும் வைத்துக் கட்டுவது பெரிய காரியமன்று.

அறுவைக்கு முன்பே செய்யவேண்டிய ஒரு சிறு பணியின் பயன் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அது குடல்வாய் அமையும் இடத்தைக் குறிப்பது. நோயாளியைப் படுக்கவும் உட்காரவும் நிற்கவும் குனியவும் செய்து, வயிற்றில் மடிப்பு விழாத, அவர் கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தை மையால் குறித்துவைக்க வேண்டும் என்பது செவிலியர் பாடம். அயல்நாட்டுப் பாடநூல்கள் பெல்ட் விழும் கோட்டைத் தவிர்க்கச் சொல்கின்றன. இங்கே அரைஞாண் கயிறு, பாவாடை நாடா, கைலி முடிச்சு, சம்மணமிட்டு உட்காரும்போது விழும் மடிப்பு ஆகிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தொழிலாளியாயின் சீருடைப் பேண்ட்டின் இடுப்பு, கருவிப் பட்டை, லைனில் எந்தப் பக்கமாகச் சாய்ந்து வேலை செய்கிறார் என்பதும் கேட்கப்பட வேண்டும். நள்ளிரவில் குடல் வெடித்து அவசர அறுவைக்கு வருபவருக்கு இதற்கு அவகாசம் இருக்காது. திட்டமிட்ட அறுவையில் இதைத் தவறவிடுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. நாடாவுக்கு நேர் கீழே அமைந்துவிட்ட குடல்வாய், புடவை கட்டும் ஒரு பெண்ணை வாழ்நாள் முழுவதும் நைட்டியோடு வீட்டுக்குள் நிறுத்திவிடக்கூடும். பிறகு அவள் விசேஷங்களுக்கு வருவதில்லை என்று உறவினர்கள் குறைப்படுவார்கள்.

மறைத்தல் என்பதைப் பற்றி இங்கே கருணையோடு பேசவேண்டும். நாற்றம், சத்தம், கசிவு என்ற மூன்று அச்சங்களே குடல்வாய் உள்ளவரின் பொது வாழ்வை ஆள்கின்றன. கூட்டத்தில் நிற்கும்போது கை தானாக வயிற்றுக்குப் போகும். சட்டை எப்போதும் வெளியே விடப்பட்டிருக்கும். டீக்கடை, கல்யாணப் பந்தி, கம்பெனி பஸ்ஸின் நெருக்கமான இருக்கை என ஒவ்வொன்றாக விலக்கப்படும். கேண்டீனில் முட்டையும் கருவாடும் மொச்சையும் தவிர்த்துத் தயிர்ச்சாதத்தோடு எழுந்துவிடுபவரை நண்பர்கள் கஞ்சன் என்றோ கர்வி என்றோ எண்ணிக்கொள்வார்கள். மலத்தைத் தீட்டாகவும், அதைக் கையாள்பவர்களைத் தாழ்ந்தவர்களாகவும் கருதிப் பழகிய ஒரு சமூகத்தில், தன் மலத்தைத் தானே கையால் கையாள வேண்டிவந்தவர் தன்னைத்தானே அருவருக்கத் தொடங்குவது தனிமனிதக் குறைபாடு ஆகாது. சாதி கற்பித்த பாடம் உடலுக்குள் திரும்பி வருவது அது. வல்லக்கோட்டை முருகன் கோயில் படியை மிதிக்கலாமா என்று தயங்குபவரும், தொழுகைக்கு முன் செய்த உளூ என்னும் உடல்தூய்மை பையால் முறிந்துவிடுமோ எனக் கலங்குபவரும் இப்பகுதியில் அருகருகே வாழ்கிறார்கள். இஸ்லாமியச் சட்ட மரபில் இத்தகைய நீங்காத இடர் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் உளூ செய்து தொழும் சலுகை உண்டு. கோயிலுக்கோ, குளித்துத் தூய ஆடை உடுத்திவரும் எவருக்கும் வேண்டுவதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. இவற்றை மருத்துவர் சொல்வதைவிட அந்தந்தச் சமயப் பெரியவர்கள் வாய்திறந்து சொல்வது நூறு மடங்கு பயன் தரும்.

தாம்பத்தியத்தைப் பற்றி மருத்துவமனையில் யாரும் கேட்பதில்லை. கேட்க நோயாளிக்கும் வாய் வருவதில்லை. மலக்குடல் அறுவையில் இடுப்புப் பகுதி நரம்புகள் பாதிக்கப்பட்டால் ஆணுக்கு விறைப்பும் விந்து வெளியேற்றமும் குறையலாம், பெண்ணுக்கு உறவின்போது வலி ஏற்படலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால், உடலின் குறையைக் கணவனோ மனைவியோ அன்பின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனையிலேயே பை மாற்றும் பயிற்சி மனைவிக்குத் தரப்பட்டு, நோயாளி கண்ணைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பது நம் வார்டுகளில் வழக்கமாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் மனைவியாக இருப்பதைவிடச் செவிலியாக இருப்பதே அதிகமாகிறது. தன் குடல்வாயைத் தானே பார்த்து, தானே கழுவி, தானே பை மாட்டத் தெரிந்த பின்னரே வீட்டுக்கு அனுப்புவது என்ற விதி இருந்தால், இருவருக்கும் அது நல்லது. குடல்வாயோடு கருவுற்றுப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு என்பதையும், மணமாகாத இளையோரிடமும் அவர்கள் பெற்றோரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

குடல்வாய் மூடப்பட்டவுடன் துன்பம் முடிந்தது என்று ஆலையும் குடும்பமும் எண்ணுகின்றன. மலக்குடலின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கு அதன்பின், திடீரென அடக்கமுடியாத உந்துதல், ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை போதல், அறியாமல் கசிதல் ஆகியவை சேர்ந்து வரும் ஒரு நிலை மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடிக்கலாம். இதன் கடுமையை அளக்க டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர்கள் 2012-இல் ஒரு வினாப்பட்டியலை வகுத்தார்கள். பை இருந்தபோதாவது சில நிமிடங்கள் தாமதிக்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. வெளியில் காட்ட அடையாளம் எதுவும் இல்லாததால், இவருடைய முறையீட்டைச் சாக்கு என்றே மேலாளர் கருதுவார்.

சட்டத்தின் நிலை இரங்கத்தக்கது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இஎஸ்ஐ) சட்டம் வகுத்த ஏற்பாட்டில், நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உண்டு. நோய்ப்படி பெறும் காலத்தில் வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று அதன் 73-ஆம் பிரிவு கூறியது. புற்றுநோய், காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காட்டோடு இரண்டாண்டு வரை நீட்டிப்பும் உண்டு. ஆனால் அதற்கு இரண்டாண்டு தொடர்ந்த வேலை முன்நிபந்தனை. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் இடைவெளி விழும் ஒருவர் அந்த இரண்டாண்டை எங்கே சேர்ப்பார்? அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவரோ இஎஸ்ஐயின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. குடல்வாய் அதில் இல்லை. இந்திய ரயில்வே மட்டும், குடல்வாய் உள்ளவர்களுக்கு மாதாந்திர, காலாண்டு சீசன் டிக்கெட்டில் 50 விழுக்காடு சலுகையைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. சீசன் டிக்கெட் என்பது நாள்தோறும் வேலைக்குப் போகிறவர் வாங்குவது. ஆக, குடல்வாய் உள்ளவர் அன்றாடம் வேலைக்குப் போய்வருவார் என்று நம்பிய அரசுத் துறை ஒன்றாவது நாட்டில் இருக்கிறது. நிரந்தரக் குடல்வாய் உள்ளவர்களை ஜப்பான் 1984 முதல் உடல் ஊனமுற்றோருக்கான நலச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. அங்கே ரயில் நிலையங்களிலும் கடைத்தொகுதிகளிலும் பையை நின்றபடியே கழுவுவதற்கான தொட்டி வைத்த கழிப்பறைகள் சாதாரணக் காட்சி. ஒரகடத்தில் ஜப்பானிய முதலீடும் பொறியியல் ஒழுங்கும் வந்து இறங்கியிருக்கின்றன. அந்தக் கழிப்பறையும் வரவேண்டும் என்று கேட்பது தொழிற்சங்கங்களுக்குத் தகுதியான கோரிக்கை.

உடனடியாகத் தொடங்கக்கூடிய காரியங்கள் இரண்டு. அண்ணாவின் நினைவாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இத்தொழிற்பகுதிக்கு மேற்கே, அதே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அத்தகைய இடங்களில் பயிற்சி பெற்ற ஸ்டோமா நர்ஸ் ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் அமர்ந்தால், ஷிப்டை இழக்காமல் தொழிலாளிகள் வந்து போகலாம். நார்மா கில்லைப் போல, முன்பே குடல்வாயோடு வாழப் பழகிய ஒருவரையும் அவர் பக்கத்தில் அமர்த்தினால் பேச்சு இன்னும் எளிதாகும். இரண்டாவது, வேலைக்குத் திரும்பும்போது தரப்படும் மருத்துவத் தகுதிச் சான்றிதழ். இன்று அது பணிக்குத் தகுதியானவர் என்ற ஒற்றை வரியோடு முடிகிறது. நோயின் பெயரை எழுதாமலேயே, முதல் மூன்று மாதங்கள் பளு தூக்கக்கூடாது, கேட்டபோது பத்து நிமிடம் இடம்விட்டு நகர அனுமதி வேண்டும், குடிநீரும் உப்புக் கரைசலும் பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதங்களுக்கு ஷிப்ட் மாற்றக்கூடாது என நான்கு வரிகளை மருத்துவர் சேர்த்து எழுதலாம். அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளி, சூப்பர்வைசரிடம் தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியிராது.